‘டேக்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

செந்தூல் தந்தை எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளி விடுமுறையைப் பற்றி அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையை ஆசிரியர் திருத்திக் கொடுத்திருந்தார். நேற்று இரவு அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரே பக்கத்தில் நான்கு சிவப்பு வட்டங்கள் இருந்தன. நான்கும் ‘டேக்’ என்னும் ஒரே வினைச்சொல்லைச் சார்ந்தவை என்பதைக் கவனித்த பிறகுதான் இதை இங்கே கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் எழுதியதை அப்படியே சொல்கிறேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம் என்பதை ‘வீ டுக் குளோத்ஸ்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘டுக்’ என்பதை அடித்துவிட்டு, ‘பாட்’ என்று மேலே எழுதியிருந்தார். சோதனையில் 82 புள்ளிகள் எடுத்தேன் என்பதற்கும் அவள் ‘டுக்’ என்றே போட்டிருந்தாள். அது ‘காட்’ என்று மாறியிருந்தது. அப்பா எங்களைப் பத்துமலைக்குக் கூட்டிப் போனார் என்னும் இடத்தில் ‘பிராட்’ என்று எழுதியிருந்தாள். அங்கே ‘டுக்’ வந்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டேன் என்பதை ‘ஏட் மெடிசின்’ என்று எழுதியிருந்தாள், அங்கும் ‘டுக்’.

“நான் எழுதிய இடத்தில் வேண்டாம் என்கிறார், எழுதாத இடத்தில் வேண்டும் என்கிறார். எடுத்தேன் என்றால் டுக்தானே அப்பா?” என்று பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியாகப் படித்தவன். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்துவிடுகிறேன் என்றாலும், ஒன்று ஏன் சரி, இன்னொன்று ஏன் தவறு என்று எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. அகராதியைத் திறந்தால் எடு, பிடி, கொள், பெறு, ஏற்றுக்கொள் என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றனவே தவிர, எந்த இடத்தில் எது என்று அது சொல்வதில்லை. இதற்கு விதி ஏதேனும் இருக்கிறதா, இல்லை மனப்பாடம் செய்வதுதான் வழியா? விவரம் அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

*

பினாங்கு ஆசிரியை எழுதியது:

வணக்கம் ஐயா. ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகள் செய்த நான்கு பிழைகளும் கவனக்குறைவால் வந்தவை அல்ல என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். தனக்குத் தெரிந்த மொழியின் விதியை நம்பி அவள் எழுதியிருக்கிறாள். துணியும் புள்ளியும் தமிழிலிருந்து வந்த பிழைகள். பத்துமலை மலாயிலிருந்து வந்தது. மருந்து இரண்டிலிருந்தும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். ‘டேக்’ என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழில் ‘போடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று மகளிடம் கேளுங்கள். கோலம் போடு, தேநீர் போடு, சட்டை போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, விளக்கைப் போடு என்று நாம் நாள் முழுவதும் போட்டுக்கொண்டே இருக்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினை வேண்டும். கோலத்தை வரைய வேண்டும், தேநீரைத் தயாரிக்க வேண்டும், சட்டையை உடுத்த வேண்டும். ‘போடு’ என்பதற்குத் தனியே பெரிய பொருள் இல்லை. அதன் முன்னால் நிற்கும் பெயர்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறது. ‘டேக்’ ஆங்கிலத்தின் ‘போடு’ என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். நாம் குட்டித் தூக்கம் போடுகிறோம். ஆங்கிலேயர் ‘டேக் எ நாப்’ என்கிறார்கள். குளிப்பதும் அவர்களுக்கு ‘டேக் எ பாத்’, ஓய்வெடுப்பதும் ‘டேக் எ ரெஸ்ட்’, பார்ப்பதும் சில நேரம் ‘டேக் எ லுக்’. ஆகவே ‘டேக்’ என்பதற்குத் தமிழில் என்ன பொருள் என்று தேடுவதை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் சொல்லோடு சேர்த்துச் சோடியாகக் கற்க வேண்டும். முப்பது சோடிகள் தெரிந்தால் ஐந்தாம் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும்.

இனி அவளுடைய வாக்கியங்களுக்கு வருகிறேன். துணி எடுப்பது தமிழில் எவ்வளவு அழகான வழக்கு என்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் பத்துப் புடவைகளை விரித்துப் போட, அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, இதுதான் வேண்டும் என்று ஒதுக்கி வைக்கிறோமே, அந்தத் தேர்ந்தெடுக்கும் செயல் முழுவதும் ‘எடு’ என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. பணம் கொடுப்பது சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தில் அப்படி விளங்காது. கடைக்குப் போய் ‘டுக்’ என்று எழுதினால், காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஆசிரியர் வாங்கினோம் என்ற பொருளில் மாற்றினார். ஆனால் கடையில் நின்றுகொண்டு, பல நிறங்களில் ஒன்றைக் காட்டி, ‘ஐ வில் டேக் திஸ் ஒன்’ என்று சொல்வது முற்றிலும் சரி. அங்கே அது தேர்வைக் குறிக்கிறது, நம்முடைய ‘எடு’ போலவே.

புள்ளியைப் பொறுத்தவரை, சோதனைக்குப் போவது ‘டேக்’, அதில் கிடைப்பது ‘கெட்’. சோதனை எழுதினேன் என்பதற்கு ‘ஐ டுக் தி டெஸ்ட்’ என்று எழுதலாம். புள்ளிகள் ஆசிரியர் கொடுத்து நமக்குக் கிடைப்பவை. அவற்றை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பத்துமலைதான் இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும், பல பெரியவர்களும் தடுக்கி விழும் இடம். மலாயில் ‘பாவா’ என்ற ஒரே சொல், கொண்டு வருவதையும் கொண்டு போவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எந்தத் திசை என்பதை அந்த மொழி வேறு சொல்லால் காட்டும். ஆங்கிலம் வினையிலேயே திசையைப் பிரிக்கிறது: பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் இடத்தை நோக்கி என்றால் ‘பிரிங்’, அங்கிருந்து விலகி வேறிடத்துக்கு என்றால் ‘டேக்’. தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதே அல்ல. கொண்டு வா, கொண்டு போ என்று தாய்மொழியிலேயே அவள் பிரித்துப் பேசுகிறாள். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் மலாய் அவளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எனவே எழுதுவதற்கு முன் மனத்துக்குள் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். ‘வா’ வந்தால் ‘பிரிங்’, ‘போ’ வந்தால் ‘டேக்’. அப்பா கூட்டிப் போனார், ஆகவே ‘டுக்’. பள்ளிக்குள் உட்கார்ந்துகொண்டு, என்னை முதல் நாள் அப்பாதான் இங்கே கூட்டி வந்தார் என்று எழுதினால் ‘பிராட்’ என்பது சரி.

நேரத்தைச் சொல்லும் வழக்கையும் இப்போதே கற்றுக்கொடுத்துவிடுங்கள், கட்டுரைகளில் அடிக்கடி வேண்டியிருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போவதை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பட்டர்வொர்த்துக்கு ஃபெரியிலும் போகலாம், 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் வழியாகவும் போகலாம். ஃபெரியில் ஏறுவதும் ‘டேக்’, பாலத்தின் வழியைத் தேர்ந்தெடுப்பதும் ‘டேக்’, போய்ச் சேர அரைமணி நேரம் பிடிக்கும் என்பதும் ‘டேக்’. மூன்றையும் ஒரே பயணத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை. நேரம் பிடிக்கும் என்னும்போது மட்டும் ‘இட் டேக்ஸ்’ என்று தொடங்க வேண்டும். அந்த ‘இட்’ விடுபட்டால் வாக்கியம் நிற்காது.

வடிவங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ‘டேக்’, ‘டுக்’, ‘டேக்கன்’ என்ற மூன்றில், ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ பக்கத்தில் இருந்தால் ‘டேக்கன்’ மட்டுமே வரும். மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, ‘சூடா’ என்று முன்னால் சேர்த்தால் முடிந்த செயலாகிவிடும். அதனால்தான் நம்மில் பலர் ‘ஆல்ரெடி டேக்’ என்று சொல்கிறோம். எடுத்தேன், எடுத்திருக்கிறேன் என்று தமிழில் இரண்டு இருப்பதைக் காட்டினால் வேறுபாடு விளங்கிவிடும்.

*

மருந்தக ஊழியர் எழுதியது:

ஆசிரியை அம்மா மருந்தைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அது என்னுடைய அன்றாட வேலை என்பதால் நான் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மருந்தகத்தில் பணிபுரிகிறேன்.

நம் நாட்டில் மருந்து உறையின் மேல் மலாயில் ‘மாக்கான்’ என்று எழுதியிருக்கும்: இத்தனை வில்லை, நாளுக்கு இத்தனை முறை, சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடவும். மருந்து சாப்பிடுவது என்று தமிழிலும் சொல்கிறோம். இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் மருந்தை உண்ணுவதாகவே சொல்வார்கள். மூன்று மொழியும் ஒன்றாக நின்று சாப்பிடு என்று சொல்லும்போது, பிள்ளை ‘ஈட்’ என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்? ஆங்கிலத்தில் ‘ஈட்’ என்றால் உணவை வாயிலிட்டு மென்று விழுங்குவது. மருந்து உணவு அல்ல என்பதால் அங்கே அந்தச் சொல் பொருந்துவதில்லை. மாத்திரையை விழுங்குவதும், சிரப்பைக் குடிப்பதும், உறிஞ்சியில் (இன்ஹேலரில்) மருந்தை உள்ளிழுப்பதும் எல்லாமே ‘டேக்’ என்பதில் அடங்கும், ஏனென்றால் மூன்றிலும் மருந்து உடலுக்குள் போகிறது. தோலுக்கு மேலே பூசும் களிம்புக்கு இது வராது, அதற்கு ‘அப்ளை’. கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கும் ‘யூஸ்’ என்று சொல்வது நல்லது.

இந்தச் சொல் வேறுபாடு என் கண் முன்னால் ஒரு முறை உண்மையிலேயே முக்கியமாகிவிட்டது. வயதான அம்மா ஒருவர், குடலில் கரைய வேண்டும் என்பதற்காக மேற்பூச்சு பூசப்பட்ட மாத்திரையைக் கடித்து மென்று சாப்பிட்டு வந்திருக்கிறார். கசக்கிறது, வயிறு எரிகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். அப்படிப்பட்ட மாத்திரையை மென்றால் பூச்சு உடைந்து மருந்து வயிற்றிலேயே கரைந்துவிடும். “சாப்பிடு என்று சொன்னார்கள், சாப்பிட்டேன்” என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து தமிழர்கள் வந்தால், “முழுசா முழுங்கித் தண்ணி குடிங்கம்மா” என்று தனியாகச் சொல்லித்தான் கொடுக்கிறேன். மென்று சாப்பிட வேண்டிய மாத்திரைகள் தனியே இருக்கின்றன. அவற்றின் உறையில் மென்று சாப்பிடச் சொல்லி எழுதியிருக்கும்.

ஐயா, உங்கள் மகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கிளினிக்கில் இரத்தம் எடுப்பது ‘டேக்’, உடல் வெப்பத்தை அளப்பதும் ‘டேக்’. இரத்தத்துக்கு மட்டும் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப் போகின்றன. வாந்தி எடுப்பதற்கு ஒத்துப் போகாது. அதற்கு ‘வாமிட்’ என்பதே வினை.

*

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் இடையில் நாள்தோறும் மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பதால், மருந்தக நண்பர் சொன்ன ‘மாக்கான்’ என்ற சொல்லை இன்னும் சற்றுத் தொடர விரும்புகிறேன். மலாயில் மருந்தை மட்டும் சாப்பிடுவதில்லை. ஒரு வேலைக்கு நேரம் பிடித்தால் ‘மாக்கான் மாசா’, அது நேரத்தைச் சாப்பிடுகிறது. கையூட்டு வாங்கினால் ‘மாக்கான் ரசுவா’, அதையும் சாப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘டேக்’ போதும். தமிழோ மருந்தைச் சாப்பிடுகிறது, நேரத்தைப் பிடிக்கிறது, லஞ்சத்தை வாங்குகிறது. ஒரே மூன்று செயல்களை ஒரு மொழி வாயாலும், இன்னொன்று கையாலும், நம் மொழி வாய், பிடி, கை என்று மூன்று விதமாகவும் பார்த்திருக்கிறது. இதில் எதுவும் சரி, எதுவும் தவறு என்பதில்லை. ஒன்றின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மற்றதைப் படிக்க முயலும்போதுதான் சிக்கல் வருகிறது.

‘டேக்’ ஆங்கிலத்திலேயே பிறந்த சொல்லும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் எடுத்தலைக் குறிக்க ‘நிமன்’ என்ற சொல்தான் வழங்கியது. இன்றைய ஜெர்மன் மொழியில் ‘நேமன்’ என்று அதன் உறவுச்சொல் உயிரோடு இருக்கிறது. வடக்கிலிருந்து கடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பேச்சிலிருந்து ‘டாக்கா’ என்ற சொல் வந்து, சில நூற்றாண்டுகளில் பழைய சொல்லை வழக்கிலிருந்து நீக்கிவிட்டது. மரத்துப் போவதைக் குறிக்கும் ‘நம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் மட்டும் பழைய வினையின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உணர்ச்சி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். பிழையைக் குறிக்கும் ‘மிஸ்டேக்’ என்ற சொல்லும் அதே ஸ்காண்டிநேவிய வழியில் வந்ததுதான். தவறாக எடுத்துக்கொள்ளுதல் என்று அதைப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது பாடத்தில் வராது. ஆனாலும் சொற்களுக்கு ஊரும் பயணமும் உண்டு என்று அறிந்த பிள்ளை அவற்றை அச்சமில்லாமல் கையாளும் என்பது என் நம்பிக்கை.

ஆசிரியை அம்மா சொன்ன வா, போ சோதனைக்கு நம் இலக்கணத்திலேயே அடிப்படை இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம், வருதல், தருதல் என்னும் சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்றும், செல்லுதல், கொடுத்தல் என்னும் சொற்கள் படர்க்கைக்கு உரியவை என்றும் வகுத்து வைத்திருக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பேசுபவரும் கேட்பவரும் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்ற அந்தக் கோடுதான் ‘பிரிங்’ என்பதையும் ‘டேக்’ என்பதையும் பிரிக்கிறது. தமிழ் அறிந்த பிள்ளைக்கு அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று ஏற்கெனவே தெரியும்.

இதே மூச்சில் எனக்கு வருத்தம் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிழை இப்போது எதிர்த் திசையிலும் நடக்கிறது. ‘டேக்’ என்றாலே ‘எடு’ என்று மொழிபெயர்த்துப் பழகியதால், நம் அறிவிப்புகளிலும் பேச்சிலும் எல்லாமே ‘எடு’ ஆகி வருகிறது. பேருந்து எடுத்து வாருங்கள் என்கிறார்கள். தமிழில் பேருந்தைப் பிடிப்போம், பேருந்தில் ஏறுவோம். பேருந்தை எடுப்பவர் ஓட்டுநர். “பஸ்ஸை எடுத்துட்டான்” என்றால் வண்டி கிளம்பிவிட்டது, நாம் நின்றுவிட்டோம் என்று பொருள். இருக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நிகழ்ச்சியில் அறிவித்ததைக் கேட்டு, வந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று மனம் நொந்தேன். அமருங்கள் என்றால் முடிந்தது. சோதனை எடுத்தான் என்பது வேரூன்றிவிட்டது, அதைத் தடுக்க முடியாது. ஆயினும் சோதனை எழுதினான் என்று வீட்டில் சொல்லிப் பழக்கினால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் தனித்தனியே தெளிவாக இருக்கும்.

*

பங்சார் பொறியாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லலாமா? நான் பணிபுரியும் இடத்தில் மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் சேர்ந்து வேலை செய்கிறோம். ‘பிரிங் மை சன் டு ஸ்கூல்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதை ‘செண்ட்’ என்கிறார்கள், அதுவும் புரிகிறது. மருந்துக்கு ‘ஈட்’ என்றாலும் யாரும் தவறாக எண்ணுவதில்லை. இது மலேசிய ஆங்கிலம் என்று ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது? இலண்டனில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை வைத்து நம் பிள்ளைகளின் கட்டுரையில் வட்டம் போடுவது நியாயமா?

*

பினாங்கு ஆசிரியை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. ‘பிரிங்’ பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அயர்லாந்து ஆங்கிலத்திலும் நாம் ‘டேக்’ என்று எதிர்பார்க்கும் இடங்களில் ‘பிரிங்’ இயல்பாக வருகிறது. அதை அங்கே யாரும் பிழை என்று சொல்வதில்லை. நண்பர்களோடு பேசும்போது நீங்கள் சொல்வது போலவே பேசலாம், நானும் சந்தையில் அப்படித்தான் பேசுகிறேன்.

கட்டுரையில் நிலைமை வேறு. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் எழுதும்போது எழுத்து வழக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதைவிட, உங்கள் ‘செண்ட்’ உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் ‘ஹந்தார்’ என்பது கடிதம் அனுப்புவதற்கும், ஆளைக் கூடவே போய் விட்டுவருவதற்கும் பொது. ஆங்கிலத்தில் ‘செண்ட்’ என்றால் தான் போகாமல் அனுப்புவது. தாயாரை விமான நிலையத்துக்கு ‘செண்ட்’ செய்தேன் என்று வெளிநாட்டவருக்கு எழுதினால், வயதானவரைத் தனியாக அனுப்பிவிட்டதாக அவர் நினைப்பார். நீங்கள் காரை ஓட்டிப் போய், பெட்டியைத் தள்ளி, வாசல் வரை நின்று வழியனுப்பியது அந்தச் சொல்லில் காணாமல் போய்விடுகிறது. ‘டுக்’ என்று எழுதினால் நீங்கள் உடன் இருந்தது தெரியும். தமிழிலும் அம்மாவை அனுப்பினேன் என்பதும், அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன் என்பதும் ஒன்றா? இரண்டும் தெரிந்து, இடத்துக்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையாக வளர்த்துவிடுவோம் என்பதுதான் என் ஆசை.

விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வருகிறது. வாசலில் காலணி. மலாயில் ‘பூக்கா காசுட்’ என்பார்கள், ‘பூக்கா’ என்றால் திற. அதை அப்படியே கொண்டுவந்து ‘ஓப்பன் யுவர் ஷூஸ்’ என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றுவது, கண்ணாடியைக் கழற்றுவது, தொப்பியை எடுப்பது, உடலின் மேல் இருப்பதை நீக்கும் எல்லாவற்றுக்கும் ‘டேக் ஆஃப்’. விமானம் கிளம்புவதும் ‘டேக் ஆஃப்’ தான், ஆனால் அதற்குச் செயப்படுபொருள் வராது. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரை உரித்து வைத்தாற்போல் இருப்பது ‘டேக் ஆஃப்டர்’. மற்றவற்றை அவள் இடைநிலைப்பள்ளியில் பார்த்துக்கொள்வாள், இப்போதே அடுக்க வேண்டாம்.

*

செந்தூல் தந்தை எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கும் மற்ற அன்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே ‘போடு’ விளையாட்டில் தொடங்கினோம். கோலம், தேநீர், சண்டை வரை வந்ததும், “அப்படியென்றால் டேக்குக்கும் இப்படித்தானா?” என்று அவளே கேட்டுவிட்டாள். பழைய நாள்காட்டியின் பின்புறத்தில் சோடிகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். இதுவரை பதினேழு சேர்ந்திருக்கின்றன. இன்று காலை மோட்டாரில் பள்ளிக்குப் போகும் வழியில், “அப்பா, நீங்கள் என்னை டேக் பண்ணுகிறீர்கள், மத்தியானம் அம்மா பிரிங் பண்ணுவார்” என்று பின்னால் இருந்து சொன்னாள். வீட்டை மனத்தில் வைத்துத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கே உடனே புரிந்தது. முந்தாநாள் வரை எனக்கு இது புரிந்திருக்காது.

அவளுக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது, எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பாட்டியின் காலில் விழுந்து ஆசி வாங்கினாள். கட்டுரையைத் திருத்தி எழுதும்போது அதையும் சேர்க்க விரும்புகிறாள். ‘ஐ டுக் பிளெஸ்ஸிங்ஸ்’ என்று எழுதலாமா?

*

பினாங்கு ஆசிரியை எழுதியது:

பிள்ளை நல்ல இடத்தில் ஐயப்பட்டிருக்கிறாள். இந்தியாவில் ஆங்கிலம் பேசுபவர்கள் அப்படிச் சொல்வது பரவலான வழக்குத்தான் ஐயா, ஆனால் மற்றவர்களுக்கு அது சற்று விளங்காமல் போகும். ‘டேக்’ என்னும்போது எடுப்பவரின் விருப்பமே போதும் என்ற தொனி அதில் இருக்கிறது. ஆசி அப்படி எடுக்கக் கூடியது இல்லை, கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும். தமிழில் ‘வாங்கு’ என்பதில் கொடுப்பவரின் கையும் சேர்ந்தே தெரிவதால் நமக்கு உறுத்துவதில்லை. ‘ரிசீவ்ட்’ என்று எழுதினால் பிழையில்லை. அதைவிட, பாட்டியையே வாக்கியத்தின் தொடக்கத்தில் நிறுத்தி, ‘மை கிராண்ட்மதர் கேவ் மி ஹெர் பிளெஸ்ஸிங்’ என்று எழுதச் சொல்லுங்கள். பாட்டி தலையில் கைவைத்து என்ன சொன்னார் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளட்டும்.